பால் ஆகாது, முட்டை கறி கிடையாது, சோயாவும் ஒத்துக்காது: பட்டாணி-அரிசி புரோட்டீன் பவுடர் எப்படி இருக்கு

முதல்லயே மார்க் போட்டுடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். செய்ய வேண்டிய வேலைய செய்யுதான்னு கேட்டா 5க்கு 4. ருசிக்கு ஒன்றரை, அந்த அரை மார்க்கும் பாவம் பாத்து போட்டது. கலக்குறதுக்கு 2. வயித்துக்கு ஒத்துக்குறதுல 4. திரும்ப வாங்குவேனா? வாங்கிட்டே தான் இருக்கேன், வேற வழி இல்லங்கறதும் ஒரு காரணம்.

பிராண்ட் பேரு வேணும்னே போடல. இந்த வகையில வர்ற டப்பாக்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே சரக்கு தான், மஞ்சள் பட்டாணில இருந்து எடுத்த ஐசோலேட் (அதாவது புரோட்டீன மட்டும் பிரிச்சு எடுத்த பவுடர்), கூட கொஞ்சம் பழுப்பரிசி புரோட்டீன், பெரும்பாலும் 70க்கு 30ங்கற மாதிரி ஒரு கணக்குல. மூடியோட கலரும் முன்பக்கத்து மசில் படமும் தான் மாறும். அதனால எந்த டப்பாவ கையில எடுத்தாலும் எத பாக்கணும்னு சொல்றது தான் உபயோகம்.

என் கேஸ் என்னன்னா எனக்கு பால் அலர்ஜி. இத சொன்ன உடனே ஜிம்ல ஒருத்தர் விடாம வந்து "அப்ப வே ஐசோலேட் எடுங்க ப்ரோ, அதுல லாக்டோஸ் இல்ல"ன்னு சொல்லிடுவாங்க. வேங்கறது பால்ல இருந்து பிரிச்சு எடுக்கற புரோட்டீன். ப்ரோ, லாக்டோஸ் செரிக்காம இருக்கறது வேற, அலர்ஜி வேற. லாக்டோஸ் பிரச்சனைங்கறது பால்ல இருக்க சர்க்கரைய உடைக்கிற லாக்டேஸ் என்சைம் குறைவா இருக்கறது, அவங்களுக்கு ஐசோலேட் நிஜமாவே நல்ல வழி, ஏன்னா அதுல 90 சதவீதம் புரோட்டீன், லாக்டோஸ் ரொம்ப கம்மி. அலர்ஜிங்கறது பாலோட புரோட்டீனையே உடம்பு எதிரியா நினைக்கிறது. அதுக்கு போய் புரோட்டீன மட்டும் தனியா பிரிச்சு எடுத்த பவுடர குடுத்தா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இந்த வித்தியாசம் தெரியாம அட்வைஸ் பண்றவங்க கிட்ட இருந்து தள்ளியே இருங்க, விளையாட்டு விஷயம் இல்ல இது.

அதுக்கு மேல கறி, மீன், முட்டை சாப்பிடறது இல்ல, சோயா சாப்பிட்டா ஒத்துக்க மாட்டேங்குது, ஆக டோஃபுவும் போச்சு. மிச்சம் இருக்கறது பருப்பு, கொண்டைக்கடலை, பயறு, கொட்டை வகைகள், ஓட்ஸ், அவ்ளோ தான். இதுல வெயிட் தூக்குறவங்களுக்கு தேவையான புரோட்டீன் கிடைக்குமா?

கணக்கு போட்டு பாப்போம். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ உடம்பு எடைக்கு 0.8 கிராம்னு சொல்வாங்க, அது குறைபாடு வராம இருக்கறதுக்கான அளவு தான், மசில் ஏத்தறதுக்கு இல்ல. 2018ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 49 ஆய்வுகள், 1863 பேர், எல்லாத்தையும் சேத்து பாத்ததுல கிலோவுக்கு 1.6 கிராம் கிட்ட வரைக்கும் கூட கூட பலன் தெரியுது, அதுக்கு மேல சராசரியா பெரிய லாபம் தெரியலங்கறாங்க. சில பேருக்கு 2.2 வரைக்கும் போகலாம்னும் ஒரு இடம் விட்டு வச்சிருக்காங்க. சரி, 70 கிலோ ஆளுன்னு வச்சுக்கிட்டா 112 கிராம். வெந்த பருப்புல 100 கிராமுக்கு சுமார் 9 கிராம் புரோட்டீன் தான் இருக்கு, கொண்டைக்கடலையும் அதே கதை. 112 கிராம பருப்பாலயே எடுக்கணும்னா தினம் ஒன்னேகால் கிலோ வெந்த பருப்பு. சாப்பிட்டு பாருங்க, வீட்ல யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க. சரி பாதாம் சாப்பிடலாமேன்னா 100 கிராம்ல 21 கிராம் வரும், கூடவே 580 கலோரி வரும். கொட்டைகள புரோட்டீன் உணவுன்னு சொல்றதே எனக்கு புடிக்காது, அது கொழுப்பு உணவு, கொஞ்சம் புரோட்டீனும் இருக்கு, அவ்ளோ தான்.

ஒழுங்கா திட்டம் போட்டு சாப்பிட்டா இந்த டயட்ல 60, 65 கிராம் பெரிய கஷ்டம் இல்லாம வந்துடும். மிச்சம் இருக்க 50 கிட்ட தான் தலைவலி. பவுடரோட வேலை அந்த ஓட்டைய அடைக்கிறது, சாப்பாட்டுக்கு பதிலா குடிக்கிறது இல்ல.

இனி டப்பாவுக்கு வருவோம். மூடிய திறந்ததும் பச்சப்பட்டாணி தோல காயப்போட்ட மாதிரி ஒரு வாசன. அன்ஃப்ளேவர்ட்னா, அதாவது எந்த ருசியும் சேக்காததுன்னா, அது அப்படியே மூக்குல ஏறும், வெனிலான்னா மேல ஒரு செயற்கை இனிப்பு வாசன பூசி இருக்கும், அடியில பட்டாணி பட்டாணியா தான் இருக்கும். வாயில போட்டா மொதல்ல உப்பு, அப்புறம் மண்ணு மாதிரி ஒரு நெறநெறப்பு, அந்த நெறநெறப்பு பெரும்பாலும் அரிசி புரோட்டீன் குடுக்கற பரிசு. உப்பு ஏன்னா, பட்டாணி மாவ காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்) உள்ள தண்ணில கரைச்சு புரோட்டீன வெளிய எடுத்து, அமிலம் சேத்து படிய வச்சு, திரும்ப சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு சமன் பண்ணுவாங்க, அந்த சோடியம் பவுடர்ல தங்கிடும். நான் பாத்த லேபிள்கள்ல ஒரு ஸ்கூப்புக்கு 200ல இருந்து 400 மில்லிகிராம் வரைக்கும் சோடியம் போட்டிருந்தாங்க. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2000 மில்லிகிராமுக்குள்ள இருக்க சொல்லுது, பிபி இருக்கவங்க ரெண்டு மூணு ஸ்கூப் போடறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்துக்கோங்க, யாரும் இத பேசறதே இல்ல.

கலக்குறதுல ஒரு ஒழுங்கு இருக்கு. ஷேக்கர்ல தண்ணி முதல்ல, பவுடர் அப்புறம். மாத்தி போட்டா அடி மூலையில ஒரு கட்டி புடிச்சு ஒட்டிக்கும், அந்த கம்பி உருண்டையால எவ்ளோ குலுக்குனாலும் அது அசையாது, கடைசி மடக்குல மொத்தமா வாயில வந்து விழும். குலுக்குன உடனே மேல விரல் உயரத்துக்கு நுரை நிக்கும், ஒரு ரெண்டு நிமிஷம் வச்சா அடங்கும், ஆனா ரொம்ப நேரம் வச்சுடாதீங்க, பட்டாணி தண்ணிய இழுத்து இழுத்து கூழா ஆயிடும், ஸ்பூன் போட்டு தான் சாப்பிடணும். குடிச்ச உடனே ஷேக்கர கழுவிடுங்க, காய்ஞ்சுதுனா சிமென்ட் பூசின மாதிரி ஒட்டிக்கிட்டு நகத்தால சுரண்டற நிலமை வரும். இன்னொன்னு, ஆரஞ்சு ஜூஸ்லயோ எலுமிச்ச தண்ணிலயோ கலக்காதீங்க. பட்டாணி புரோட்டீன் கரையாம போற அமில அளவு பிஎச் 4.5 பக்கத்துல, பழச்சாறு அந்த பக்கம் தான் இருக்கும், அதனால திரிஞ்சு திப்பி திப்பியா மிதக்கும், கெட்டுப்போகல, ஆனா குடிக்கிற மாதிரியும் இருக்காது.

எனக்கு செட் ஆனது ரெண்டே வழி தான். ஒன்னு, நல்லா பழுத்த வாழப்பழம், ஐஸ், ஒரு ஸ்பூன் வேர்க்கடலை வெண்ணெய், எல்லாம் மிக்சில ஒரு சுத்து. ரெண்டாவது, ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி இறக்குனதும் அன்ஃப்ளேவர்ட் பவுடர கொஞ்சம் தண்ணில குழைச்சு ஊத்தி கிளறிடறது, அந்த உப்பு இங்க நல்லதாவே போயிடுது. சூடு பண்ணா புரோட்டீன் செத்துடும்னு சொல்றவங்கள நம்பாதீங்க, வெந்த பருப்புல புரோட்டீன் இல்லாமயா போச்சு.

இப்ப தான் முக்கியமான இடம், லேபிள். முன்பக்கம் பெருசா "25 கிராம் புரோட்டீன்"னு போட்டிருக்கும், சரின்னு தூக்கி கூடையில போடாதீங்க, திருப்பி ஒரு ஸ்கூப் எத்தன கிராம்னு பாருங்க. ஸ்கூப் 34 கிராம்னா 25ங்கறது 73 சதவீதம் தான், இன்னொரு டப்பா முன்னாடி 24ன்னு சின்னதா போட்டு ஸ்கூப் 30 கிராம்னா அது 80 சதவீதம், இது தான் நல்ல சரக்கு. ஃப்ளேவர் போட்டதுல கோகோ, இனிப்பு, கம் எல்லாம் எடத்த புடிச்சுக்கறதால எப்பவும் கொஞ்சம் கம்மியா தான் இருக்கும். "80 சதவீதம், ஈரப்பதம் நீங்கலாக"ன்னு எங்கயாவது பொடி எழுத்துல இருந்தா, டப்பாக்குள்ள இருக்க பவுடர்ல ஈரம் இருக்குல்ல, அப்ப நிஜமான அளவு அத விட கொஞ்சம் கம்மி.

அடுத்தது கொஞ்சம் எரிச்சலான விஷயம். லேபிள்ல இருக்க அந்த புரோட்டீன் நம்பர், நேரா புரோட்டீன எண்ணி வர்றது இல்ல. 1883ல யொஹான் கெல்டால்னு ஒரு டென்மார்க்காரர் கண்டுபுடிச்ச டெஸ்ட், நைட்ரஜன அளந்து வழக்கமா 6.25ஆல பெருக்குவாங்க. நைட்ரஜன் எங்க இருந்து வந்துச்சுன்னு அதுக்கு தெரியாது. 2008ல சீனாவுல பால் பொருட்கள்ல மெலமைன்ங்கற நைட்ரஜன் நிறைஞ்ச ரசாயனத்த கலந்து ஏமாத்துனது இந்த ஓட்டைய வச்சு தான். சப்ளிமென்ட்ல அந்த அளவுக்கு விஷம் கலக்கறாங்கன்னு சொல்லல, ஆனா கிளைசின், டாரின் மாதிரி மலிவான அமினோ அமிலங்கள தூவி நம்பர ஏத்தற வேலை இருக்கு. பொருள் பட்டியல்ல பட்டாணி, அரிசி தவிர கிளைசினோ டாரினோ தனியா எழுதியிருந்தா அந்த டப்பாவ அப்படியே வச்சுட்டு வாங்க. புரோட்டீனோட செங்கல் மாதிரி இருக்க அமினோ அமிலங்களோட பட்டியல் முழுசா போட்டிருக்கானும் பாருங்க. போடாதவங்க ஏன் போடலன்னு கேக்கறதுல தப்பு இல்ல.

அந்த பட்டியல்ல லூசின்ங்கற அமினோ அமிலத்த தேடுங்க. மசில் கட்டுற வேலைய தட்டி எழுப்பறது அது தான், ஒரு வேளைக்கு 2ல இருந்து 3 கிராம் கிட்ட இருந்தா நல்லதுன்னு பொதுவா சொல்றாங்க. வே புரோட்டீன்ல 10 சதவீதத்துக்கு மேல லூசின் இருக்கும், பட்டாணில 8 சொச்சம், அரிசிலயும் கிட்டத்தட்ட அதே தான். அப்ப 24 கிராம் புரோட்டீன் இருக்க ஒரு ஸ்கூப்ல 2 கிராம் தான் தேறும், அதனால நான் ஒன்றரை ஸ்கூப்பா போடறேன், 36 கிராம் புரோட்டீன், லூசின் 3 கிராம் கிட்ட வந்துடும். வே குடிக்கிறவன் ஒரு ஸ்கூப்ல முடிக்கிறத நாம ஒன்றரைல முடிக்கிறோம், டப்பா சீக்கிரம் காலியாகும், அது தான் இந்த டயட்டோட வரி.

பட்டாணியோட அரிசிய ஏன் சேக்கறாங்கன்னா ருசிக்கு இல்ல, நெறநெறப்புக்கும் இல்ல. பட்டாணில லைசின்ங்கற அமினோ அமிலம் தாராளம், மெத்தியோனின்ங்கறது குறைவு. அரிசில அப்படியே தலைகீழ். சேந்தா ஒன்னோட ஓட்டைய இன்னொன்னு அடைக்கும். ஆனா நீங்க தினமும் தானியம் சாப்பிடறவங்கன்னா வெறும் பட்டாணி ஐசோலேட் வாங்கினாலே போதும், ரெண்டும் ஒரே டம்ளர்ல இருக்கணும்னு கட்டாயம் இல்ல, அந்த நாளுக்குள்ள வந்தா சரி. வெறும் அரிசி புரோட்டீன் மட்டும் இருக்க டப்பா தான் எனக்கு சரிப்படல.

இதெல்லாம் சரி, வே மாதிரி வேலை செய்யுமான்னா, 2015ல 161 ஆம்பளைங்கள வச்சு 12 வாரம் ஒரு ஆய்வு பண்ணாங்க, தினம் ரெண்டு வேளை 25 கிராம், ஒரு குரூப்புக்கு பட்டாணி, ஒரு குரூப்புக்கு வே, ஒரு குரூப்புக்கு சும்மா டம்மி பவுடர். பட்டாணிக்கும் வேக்கும் பைசெப்ஸ் தடிமன்ல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் வரல. ஆனா அதுல பட்டாணி புரோட்டீன் தயாரிக்கிற கம்பெனியோட கை இருக்கு, அதையும் சேத்து தான் படிக்கணும். எனக்கு அத விட நம்பிக்கை குடுத்தது 2021ல பிரேசில்ல பண்ணது, வீகன் (பால், முட்டை கூட சாப்பிடாதவங்க) 19 பேர், எல்லாம் சாப்பிடறவங்க 19 பேர், ரெண்டு பக்கமும் கிலோவுக்கு 1.6 கிராம் வர்ற மாதிரி பவுடர் சேத்து குடுத்து 12 வாரம் கால் பயிற்சி, முடிவுல பலத்துலயும் மசில்லயும் ரெண்டு பேரும் ஒன்னு தான். அங்க வீகன் பக்கத்துக்கு குடுத்தது சோயா, பட்டாணி இல்ல, ஆளுங்களும் பயிற்சிக்கு புதுசு. ஆனாலும் மொத்த அளவு சரியா போச்சுன்னா எங்க இருந்து வருதுங்கறது பெரிய விஷயமா இருக்காதுன்னு தான் எனக்கு படுது. என் டெட்லிஃப்ட் ஏறிட்டு தான் இருக்கு, ஆனா அதுக்கு பவுடரா, தூக்கமா, ஒழுங்கா ப்ரோக்ராம் பண்ணதான்னு யாரு பிரிச்சு சொல்ல முடியும், அத வச்சு மார்க் போடல.

சாக்லேட் ஃப்ளேவர் வேணாம்னு சொல்றதுக்கு ருசி மட்டும் காரணம் இல்ல. செடிங்க மண்ணுல இருக்க காரீயம், காட்மியத்த எல்லாம் இழுக்கும், அரிசின்னா ஆர்சனிக்கும் சேரும், அந்த செடியில இருந்து புரோட்டீன அடர்த்தியா எடுக்கறப்ப இதுவும் கூட வரலாம். கோகோவுலயும் காரீயம், காட்மியம் உண்டு, ஆக சாக்லேட்னா ரெண்டு பக்கத்து அடி. அமெரிக்காவுல கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2025ல 23 பவுடரையும் ஷேக்கையும் டெஸ்ட் பண்ணதுல, தாவர வகைகள்ல காரீயம் பால் வகைகள விட சராசரியா 9 மடங்கு இருந்துச்சு. அவங்க வச்ச எல்லை ஒரு நாளைக்கு 0.5 மைக்ரோகிராம், கலிபோர்னியா சட்டத்துல இருக்க ரொம்ப கறாரான அளவு அது, அதனால ஒரு டம்ளர் குடிச்சா விழுந்துடுவோம்னு இல்ல, ஆனா தினமும் வருஷக்கணக்கா குடிக்கிற பொருள் இது. கர்ப்பமா இருக்கவங்க, குழந்தைங்க இத சும்மா பழக்கமா எடுக்கவே வேணாம்ங்கறது என் கருத்து.

அதனால தான் டெஸ்ட் ரிப்போர்ட் கேக்கணும். முன்னாடி வாங்கிட்டு இருந்த ஒரு கம்பெனிக்கு மெயில் போட்டு இந்த பேட்ச்சோட ஹெவி மெட்டல் ரிப்போர்ட் குடுங்கன்னு கேட்டேன், ரொம்ப மரியாதையா ஒரு பிடிஎஃப் வந்துச்சு, திறந்து பாத்தா டப்பா அடியில இருக்க பேட்ச் நம்பர் வேற, ரிப்போர்ட்ல இருக்கறது வேற, தேதியும் பழசு. திரும்ப கேட்டதுக்கு "எங்கள் தயாரிப்புகள் அனைத்தும் உயர் தரமானவை"ன்னு ஒரு பதில், அதோட மௌனம். இப்ப வாங்கறதுல டப்பாவுலயே ஒரு க்யூஆர் இருக்கு, ஸ்கேன் பண்ணா அதே பேட்ச் நம்பரோட ரிப்போர்ட் வருது, 4 மார்க் போட்டதுல பெரிய பங்கு அதுக்கு தான். இல்லன்னா என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட், இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் மாதிரி வெளி ஆளு சோதிச்ச முத்திரை இருக்கான்னு பாருங்க. முத்திரை படம் யார் வேணா ஒட்டலாம், அவங்க சைட்ல போய் பொருள் பேர தேடி உறுதி பண்ணிக்கோங்க.

என்னை மாதிரி அலர்ஜிக்காரங்களுக்கு மட்டும் ஒன்னு. "வீகன்"னு பெருசா போட்டிருந்தா பால் துளி கூட இல்லன்னு அர்த்தம் இல்ல. அதே மெஷின்ல காலைல வே அடைச்சுட்டு மதியம் பட்டாணி அடைக்கிற இடம் இருக்கும். "பால் கலந்திருக்க வாய்ப்பு உண்டு"ங்கற வரி பல நாடுகள்ல கம்பெனி விருப்பப்பட்டா போடறது தான், கட்டாயம் இல்ல, அதனால அந்த வரி இல்லங்கறத வச்சு நிம்மதியாவும் இருக்க முடியாது, கேட்டுட்டு தான் வாங்கணும். வேர்க்கடலை அலர்ஜி இருக்கவங்களும் கவனிங்க, பட்டாணியும் அதே பயறு குடும்பம், சில பேருக்கு பட்டாணி புரோட்டீனுக்கும் ரியாக்‌ஷன் வந்திருக்கு. டாக்டர்ட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க.

வயிறு விஷயத்துல பயந்த அளவுக்கு இல்ல. பயறுல வாயு கிளப்பற அந்த ஒலிகோசாக்கரைடுங்க ஐசோலேட் ஆக்கறப்ப பெரும்பகுதி போயிடுது, ஒரு கிண்ணம் பயறு பண்ற கலாட்டாவுல கால்வாசி கூட இது எனக்கு பண்ணல. கலாட்டா பண்றது பெரும்பாலும் கூட சேத்த சாமான், இன்யூலின், சிக்கரி வேர் நார், சைலிடால்னு லேபிள்ல இருந்தா வயிறு சென்சிட்டிவா இருக்கவங்க வேற டப்பா பாருங்க. ஆரம்பத்துல அரை ஸ்கூப் போதும்.

ஸ்கூப்பு பத்தி ஒரு வார்த்த. டப்பாவ குலுக்கிட்டு எடுத்தா ஒரு எடை, குலுக்காம எடுத்தா இன்னொரு எடை. சமையல் தராசு இருந்தா ஒரு தடவ நிறுத்து பாத்து எந்த கோடு வரைக்கும் 30 கிராம்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க.

யாருக்கு வேணாம்: பால் ஒத்துக்கறவங்களுக்கு இது தேவையே இல்ல, வே தான் ருசியும் லூசினும் ரெண்டுலயும் மேல. சோயா ஒத்துக்கறவங்க சோயா ஐசோலேட் பாக்கலாம், தனியாவே முழுமையான புரோட்டீன், இத விட நல்லாவும் கரையும். கிட்னி பிரச்சனை இருக்கவங்க புரோட்டீன ஏத்தறதே டாக்டர் சொல்லாம கூடாது. அப்புறம் கொலாஜன் பவுடர புரோட்டீன்னு சொல்லி விக்கிறாங்க பாருங்க, அது மாட்டுத்தோல், மீன் தோல்ல இருந்து வர்றது, நம்ம டயட்டுக்கே சேராது, அதுவும் இல்லாம அதுல டிரிப்டோஃபன்ங்கற அவசியமான அமினோ அமிலம் கிடையாது, மசிலுக்குன்னு அத வாங்கறது வேஸ்ட்.

கூட ஒன்னே ஒன்னு வாங்கறதுனா கிரியேட்டின் மோனோஹைட்ரேட் வாங்குங்க, தினம் 3ல இருந்து 5 கிராம். கறி மீன் சாப்பிடாதவங்க மசில்ல கிரியேட்டின் இருப்பு கம்மியா தான் இருக்கும், அதோட அது ஆலையில தயாராகறது, பால் முட்டை எதுவும் இல்ல. இந்த பவுடர்லயே கலந்துடலாம், ருசி இதுக்கு மேல கெட்டுப்போக வழியே இல்ல. பி12 தனியா எடுக்கணும், பட்டாணில அது கிடையாது. வாங்கறதுனா அன்ஃப்ளேவர்ட், இருக்கறதுலயே சின்ன பாக்கெட், அது காலியாகற வரைக்கும் உங்களால குடிக்க முடிஞ்சுதுன்னா அப்புறம் பெரிய டப்பா பக்கம் போங்க.